அந்நியர் அயலாரான நகரம்

தமிழில் ‘அயல்’ என்றொரு சிறிய சொல் உண்டு. அயல்வீடு என்றால் நம் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் வீடு. அயல்நாடு என்றால் கடல்களுக்கு அப்பால் கிடக்கும் நாடு. அருகில் இருப்பதையும் அந்நியமாய் இருப்பதையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் குறித்துவிட்டனர். சிந்தித்துப் பார்த்தால் இது வியப்புக்கு உரியதன்று. தன் அயலான் யார் என்று சட்டவல்லுநன் ஒருவன் நம் ஆண்டவரிடம் வினவியபோது, அவர் எடுத்துக்காட்டியதும் யூதர்கள் அந்நியரென்று ஒதுக்கிய சமாரியன் ஒருவனைத்தான் அல்லவா? அந்நியன் எப்போது அயலான் ஆகிறான் என்பதே அந்த உவமையின் உட்பொருள்.

இதே கேள்வியை ஒரு நகரமே எதிர்கொள்ள நேர்ந்த வரலாற்றை வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறேன். அந்த நகரம் ஜப்பான் நாட்டிலுள்ள கோபே. கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத நாடு அது. எனினும், அந்நியரை அயலாராக ஏற்கும் பாடத்தை அந்நகரம் கற்ற இடங்களுள் ஒன்று, எரிந்து சாம்பலான ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் முற்றம்.

துறைமுகம் தந்த பெருமை

மேற்கு ஜப்பானில், ரொக்கோ மலைத்தொடருக்கும் ஒசாகா விரிகுடாவுக்கும் இடையே, நாடாவை விரித்தாற்போல் நீண்டு கிடக்கிறது கோபே. இன்று அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 15 இலட்சம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நியருக்குக் கதவடைத்திருந்த ஜப்பான், மேலைநாடுகளின் வற்புறுத்தலால் தன் துறைமுகங்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டது. அவ்வாறு 1868ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது கோபே துறைமுகம். ஐரோப்பியரும் சீனரும் வந்து தங்கினர். 1923இல் டோக்கியோ, யோகோஹாமா பகுதியைப் பெரும் நிலநடுக்கம் பாழாக்கியபின், யோகோஹாமாவில் வணிகம் நடத்திவந்த இந்தியர் பலரும் கோபேக்கு இடம் பெயர்ந்தனர். 1935இல் அங்கு எழுந்த மசூதியே ஜப்பானின் முதல் மசூதி. அதற்கு இந்திய வணிகர்களும் பொருள் உதவினர். 1985இல் சமணர் கோயில் ஒன்றும் அங்கே எழுந்தது.

அந்தத் துறைமுகம் அந்நியரை உள்ளே வரவிட்டது மட்டுமன்று; ஜப்பானிய ஏழைகளை அந்நியராக வெளியே அனுப்பியதும் அதுவே. 1908 ஏப்ரல் 28ஆம் நாள் ‘கசாட்டோ மாரு’ என்னும் கப்பல் கோபேயிலிருந்து புறப்பட்டது. அதில், பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்டங்களில் கூலிக்கு ஒப்பந்தமான 781 ஜப்பானியர் இருந்தனர். அவர்களைப் பின்பற்றி இலட்சக்கணக்கானோர் தென் அமெரிக்கா சென்றனர். புறப்படுமுன் அவர்கள் தங்கி, மொழியும் பழக்கவழக்கமும் பயில்வதற்காக 1928இல் அரசு கட்டிய விடுதி கோபேயின் மலைச்சரிவில் இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் குடியேற்றச் சட்டம் மாற்றப்பட்டு, 1990 முதல் அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் வேலை தேடி ஜப்பானுக்குத் திரும்பினர். ஜப்பானிய முகமும் போர்த்துக்கீசிய மொழியும் கொண்டு வந்த அவர்களைத் தாத்தாவின் நாடு அந்நியராகவே பார்த்தது. இன்று அந்தப் பழைய விடுதி, குடியேற்ற வரலாற்றைக் கூறும் காட்சியகமாகவும் பிற நாட்டார் கூடிப் பழகும் நிலையமாகவும் 2009 முதல் நடைபெறுகிறது. பிரேசிலிலிருந்து வந்தோரின் சங்கம் ஒன்றும் அங்கே இயங்குகிறது. ஏழைகளை வழியனுப்பிய வாசலே அவர்களுடைய பேரப்பிள்ளைகளை வரவேற்கும் வாசலாயிற்று.

பன்னாட்டு நட்புறவிலும் கோபே முன்னணியில் நின்றது. 1957இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரோடும், 1961இல் பிரான்சின் மார்செய் நகரோடும், 1969இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரோடும், 1973இல் சீனாவின் தியான்ஜின் நகரோடும் அது உறவுநகர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மாணவரும் கலைஞரும் போய்வந்தனர், விழாக்கள் நடந்தன, விருந்துகள் நடந்தன. இவை யாவும் நல்லவையே. ஆனால் விருந்தினன் இரண்டு நாளில் ஊர் திரும்புகிறவன். அயலானோ நாளையும் மறுநாளும் நம் பக்கத்திலேயே வாழ்கிறவன். விருந்தினனை உபசரிக்க ஒரு நாள் முகமலர்ச்சி போதும். அயலானோடு வாழ அதைவிட ஆழமான ஒன்று தேவை. அதைக் கோபே கற்றது நகாதா என்னும் வட்டாரத்தில்.

செருப்புத் தைத்த கைகள்

நகரின் மேற்கிலுள்ள நகாதா, உழைப்பாளர் குடியிருப்பு. நெருக்கமான மரவீடுகள், அவற்றினிடையே செயற்கைத் தோலில் காலணி தைக்கும் சிறு தொழிற்கூடங்கள். அத்தொழிலில் பெரும்பங்கு கொண்டவர்கள் கொரியர்கள். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத்தில் பிழைப்புத் தேடி வந்தோரும், வலிந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்டோரும், அவர்தம் பிள்ளைகளும் அங்கேயே தங்கிவிட்டனர். போருக்குப்பின், 1952இல், அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை நீக்கப்பட்டது. ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிய மொழியே பேசி வளர்ந்தவர்கள்கூடச் சட்டத்தின் கண்ணில் அந்நியரானார்கள். அந்நியர் பதிவேட்டில் அவர்கள் விரல்ரேகை பதிக்க வேண்டியிருந்தது. குற்றவாளிகளைப்போல் நடத்துவதா என்று எழுந்த நெடிய கிளர்ச்சிக்குப்பின், 1993இல்தான் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றோருக்கு அது நிறுத்தப்பட்டது.

அடுத்து வந்தவர்கள் வியட்நாம் மக்கள். 1975இல் போர் முடிந்தபின் சிறு படகுகளில் கடலில் இறங்கியவர்களுள் ஒரு பகுதியினர் ஜப்பானை அடைந்தனர். 1978 முதல் 2005 வரை இந்தோசீன நாடுகளிலிருந்து 11,319 அகதிகளை ஜப்பான் ஏற்றுக்கொண்டது. கோபேக்கு அருகிலுள்ள ஹிமேஜி நகரில் 1979இல் இவர்களுக்கென ஒரு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அங்கு சில மாதங்கள் மொழி பயின்று வெளியேறியவர்களுள் பலர் நகாதாவின் காலணிக் கூடங்களில் வேலைக்குச் சேர்ந்தனர். அதிகம் பேசாமலே கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் அது. அவர்களுள் கணிசமானோர் கத்தோலிக்கர். ஞாயிறுதோறும் அவர்கள் நாடிச் சென்றது அவ்வட்டாரத்துத் தகாதோரி பங்கு ஆலயம்.

ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட்ட ஜப்பானியரும் வியட்நாமியரும் அந்நாளில் ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்திருந்தனர்? ஒரே கூரையின்கீழ் இருப்பது வேறு. ஒன்றாய் இருப்பது வேறு. இந்த வேற்றுமையை வெளிப்படுத்த ஒரு பெருந்துன்பம் வந்தது.

1995 ஜனவரி 17

அன்று விடியற்காலை 5 மணி 46 நிமிடத்திற்கு நிலம் அதிர்ந்தது. அளவு 7.3. நகரும் சுற்றுப்புறமும் நிலைகுலைந்தன. இறந்தோர் தொகை 6,434 என்று பின்னர் கணக்கிடப்பட்டது. வீடிழந்து பள்ளிக்கூடங்களிலும் பூங்காக்களிலும் ஒதுங்கியோர் ஒரு கட்டத்தில் 3 இலட்சத்தைத் தாண்டினர். நகாதாவில் நிலநடுக்கத்தை அடுத்துத் தீ மூண்டது. குழாய்கள் உடைந்து தண்ணீர் இல்லாமையால், மரவீடுகளும் காலணிக் கூடங்களும் வரிசை வரிசையாக எரிந்தன. தகாதோரி ஆலயமும் எரிந்தது. முற்றத்தில் இருந்த இயேசுவின் சிலை மட்டும் விரித்த கைகளோடு நின்றது.

பன்னாட்டு நகரம் என்ற பெருமைக்கு அன்று கடுஞ்சோதனை நேர்ந்தது. எங்கே குடிதண்ணீர் கிடைக்கும், எங்கே மருத்துவர் இருக்கிறார், இழப்பீட்டுக்கு எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பவை யாவும் அறிவிக்கப்பட்டன. ஆனால் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில், அதுவும் அலுவலகத்துக் கடினநடையில் அறிவிக்கப்பட்டன. உறவுநகரத்துத் தூதுக்குழுவை அதன் மொழியிலேயே வரவேற்கத் தெரிந்த நகரத்துக்கு, செருப்புத் தைக்கும் வியட்நாமியத் தாய்க்குத் தண்ணீர் வண்டி வரும் நேரத்தைச் சொல்ல மொழி இல்லாமற் போயிற்று. அந்த நிலநடுக்கத்தில் காயமுற்றோர் விகிதமும் இறந்தோர் விகிதமும், ஜப்பானியரைவிட வெளிநாட்டாரிடையே ஏறத்தாழ இருமடங்காய் இருந்தன என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டனர்.

பள்ளிக்கூடங்களில் ஒதுங்கிய வியட்நாமியக் குடும்பங்கள் பல, மொழியும் பழக்கமும் புரியாத நெருக்கடியில் இருக்க மாட்டாமல் பூங்காக்களுக்குச் சென்று கூடாரம் அடித்தன. ஜனவரி மாதத்துக் குளிரில், ஒரே பூங்காவில், ஜப்பானியர் கூடாரங்களும் வியட்நாமியர் கூடாரங்களும் எதிரெதிரே நின்றன.

வதந்தியை வென்ற வானொலி

இவ்விடத்தில் ஒரு பழைய காயத்தைச் சொல்லியாக வேண்டும். 1923இல் டோக்கியோவை அழித்த நிலநடுக்கத்தின்போது, கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. அதை நம்பிய மக்களும் காவற்படையினரும் ஆயிரக்கணக்கான கொரியரைக் கொன்று குவித்தனர். எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கோபே எரிந்தபோது, வயது முதிர்ந்த கொரியர்களின் நெஞ்சில் முதலில் எழுந்தது அந்த அச்சமே.

இம்முறை அத்தகைய கொடுமை நிகழவில்லை. அச்சம் வளருமுன் உண்மையைப் பரப்ப வேண்டுமென்று சிலர் முனைந்தனர். ஜனவரி 30ஆம் நாள், நிலநடுக்கம் நேர்ந்து இரண்டு வாரத்திற்குள், நகாதாவில் கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் பேசும் சிறு வானொலி ஒன்று தொடங்கிற்று. அதன் பெயர் ‘யொபொசெயோ’. தொலைபேசியை எடுத்ததும் கொரியர் சொல்லும் அழைப்புச்சொல் அது. ஏப்ரல் 16ஆம் நாள், எரிந்த தகாதோரி ஆலய வளாகத்திலிருந்து, வியட்நாமியர் முதலியோருக்கென இரண்டாவது வானொலி பேசத் தொடங்கிற்று. அதற்கு ‘யூமென்’ என்று பெயர். வியட்நாம் மொழியில் அன்பைக் குறிக்கும் சொல். ஓர் அறை, சிறிய ஒலிபரப்புக் கருவி, மொழி அறிந்த சில தொண்டர்கள், இவையே முதலீடு. எங்கே உணவு, எங்கே மருந்து, எந்த விண்ணப்பத்திற்கு எந்நாள் கடைசி என்று அவ்வானொலிகள் அறிவித்தன. இடையிடையே அவரவர் தாய்நாட்டுப் பாடல்களையும் ஒலிபரப்பின. பசித்த வயிற்றுக்குச் சோறு எப்படியோ, கலங்கிய மனத்துக்குத் தாய்மொழி அப்படி.

ஜூலை மாதம் இவ்விரு நிலையங்களும் இணைந்து ‘எஃப்.எம். வைவை’ என்னும் ஒரே வானொலியாயின. 1996 ஜனவரி 17ஆம் நாள், துயரத்தின் முதலாண்டு நினைவன்று, அரசின் உரிமம் அதற்குக் கிடைத்தது. கொரியம், வியட்நாமியம், சீனம், போர்த்துக்கீசியம், ஸ்பானியம், தகலோகு, ஆங்கிலம், ஜப்பானியம் எனப் பல மொழிகள் ஓர் அறையிலிருந்து ஒலித்தன. ஒவ்வொரு சமூகத்தாரும் தம்மவருக்காகத் தாமே பேசினர். இருபது ஆண்டுகளுக்குப்பின், 2016இல், வான்வழி ஒலிபரப்பு நிறுத்தப்பட்டு, நிலையம் இணையவழிக்கு மாறிற்று.

காகிதத்தில் ஒரு கோயில்

எரிந்த ஆலயத்தின் பங்குத்தந்தை கண்டா ஹிரோஷி அடிகளார். சாம்பலும் கரியும் கிடந்த முற்றத்தில் திருப்பலி நடந்தது; அங்கேயே நிவாரணப் பணியும் நடந்தது. அப்போது டோக்கியோவிலிருந்து ஓர் இளம் கட்டடக் கலைஞர் வந்து சேர்ந்தார். ஷிகெரு பான் என்பது அவர் பெயர். ருவாண்டா நாட்டு அகதிகளுக்குக் காகிதக் குழாய்களால் கூடாரம் அமைக்கும் யோசனையை ஐக்கிய நாடுகள் அமைப்பிடம் முன்வைத்தவர் அவர். வியட்நாமிய அகதிகள் இவ்வாலயத்தில் கூடுகிறார்கள் என்று செய்தித்தாளில் படித்து வந்தவர், காகிதக் குழாய்களால் ஆலயம் கட்டித் தருகிறேன் என்றார். தீயில் ஆலயத்தைப் பறிகொடுத்த குருவுக்கு இது வேடிக்கையாகப் பட்டதில் வியப்பில்லை, அவர் இசையவில்லை. ஊர் மீண்டெழுமுன் ஆலயம் எழ வேண்டியதில்லை என்பதும் அவர் எண்ணம்.

கலைஞர் சலிக்கவில்லை. ஞாயிறுதோறும் டோக்கியோவிலிருந்து இரயிலேறி வந்து திருப்பலியில் கலந்துகொண்டார். பூங்காவில் கூடாரங்களில் வாடிய வியட்நாமியக் குடும்பங்களைக் கண்டு, அவர்களுக்கு முதலில் வீடு அமைத்துத் தந்தார். மணல் மூட்டைகள் இட்ட பீர்ப் பெட்டிகள் அடித்தளம். காகிதக் குழாய்கள் சுவர். கூடாரத் துணி கூரை. தொழில் தெரியாத மாணவர்களே கட்டிவிடக்கூடிய வீடுகள் அவை. பிறகு பங்குத்தந்தையும் இசைந்தார். நிதியும் ஆட்களும் நீரே திரட்டுவதானால், ஆலயமாக மட்டுமன்றி ஊர்மக்கள் அனைவரும் கூடும் மன்றமாகவும் அது அமையட்டும் என்பது உடன்பாடு. ஐந்து மீட்டர் உயரமுள்ள 58 காகிதக் குழாய்களை முட்டை வடிவில் நிறுத்தி, ஏறத்தாழ 160 தொண்டர்கள் ஐந்தே வாரங்களில் கட்டி முடித்தனர். 1995 செப்டம்பரில் அக்காகிதக் கோயில் திறக்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்கென்று கட்டிய அந்த மன்றம் பத்து ஆண்டுகள் நிலைத்தது. திருப்பலியும் நடந்தது, ஊர்க்கூட்டமும் நடந்தது, இசையும் நடந்தது. 2005இல் அது பிரிக்கப்பட்டு, தைவான் நாட்டுக்கு அன்பளிப்பாகச் சென்றது. 1999இல் தைவானைத் தாக்கிய நிலநடுக்கத்தில் நொறுங்கிய பூலி என்னும் ஊருக்கு அருகே, தாவோமி கிராமத்தில், 2008 முதல் அது நிற்கிறது. கோபேயில் புதிய ஆலயம் 2007இல் எழுந்தது. அதையும் வரைந்தவர் அதே கலைஞர். கட்டடக் கலையில் உலகின் உயரிய விருதாகிய பிரிட்ஸ்கர் பரிசு 2014இல் அவரைத் தேடி வந்தது.

உதவி பெற்றவர் உதவுவோராயினர்

காகிதக் கோயில் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் நிழலில் வளர்ந்த பணியே அதைவிடப் பெரிது என்பேன். ஆலய வளாகத்து நிவாரண முகாம் மெல்ல மெல்லத் தகாதோரி சமூக நிலையமாக உருமாறிற்று. அங்கே வந்தோரிடம் மதம் கேட்கப்படவில்லை. வானொலி நிலையம், வியட்நாமியர் சங்கம், தென் அமெரிக்கரின் சங்கம், மொழிபெயர்ப்பு நிலையம் என்று பல அமைப்புகள் அங்கு ஒன்றாகத் தங்கின.

1999இல் தொடங்கிய அந்த மொழிபெயர்ப்பு நிலையத்தின் பெயர் ‘ஃபசில்’. ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளில் ‘எளிது’ என்று பொருள். நகராட்சி அறிவிப்புகளையும் பள்ளிக்கூடக் கடிதங்களையும் மருத்துவமனைப் படிவங்களையும் அது பல மொழிகளில் ஆக்கித் தருகிறது. நோயாளியோடு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொல்வதை விளக்கவும் ஆள் அனுப்புகிறது. இப்பணிக்கு ஊதியம் உண்டு என்பது கவனிக்கத்தக்கது. குடியேறிய தாய்மார் தம் தாய்மொழியையே தொழிலாகக் கொண்டு மதிப்போடு வாழ அது வழி செய்கிறது. வீடுகளில் இது நீக்கிய ஒரு துன்பத்தையும் எண்ணிப் பாருங்கள். பள்ளியில் ஜப்பானிய மொழி கற்ற பத்து வயதுப் பிள்ளை, தாயின் நோயை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வகுப்பைவிட்டுச் செல்லும் நிலை குடியேறியோர் குடும்பங்களில் எங்கும் காணப்படுவது. தாய்க்குப் புற்றுநோய் என்பதைச் சின்னஞ்சிறு மகள் வாயாலேயே தாய்க்குச் சொல்ல வைப்பது எத்துணைக் கொடுமை!

இதற்கும் அடித்தட்டில் ஒரு கூட்டத்தார் இருந்தனர். அவர்கள் தங்கும் அனுமதி காலாவதியானவர்கள். மருத்துவக் காப்புறுதி இல்லாதவர்கள். நிலநடுக்கத்தில் உடல் நசுங்கி நெடுநாள் சிகிச்சை பெற்றவர்களுக்கு மருத்துவமனைக் கட்டணம் மலைபோல் குவிந்தது. குடும்பத்துக்கு உழைத்தவர் இறந்தால் 50 இலட்சம் யென், பிறர் இறந்தால் 25 இலட்சம் யென் என்று அரசு வழங்கிய இரங்கல் தொகையும், முறையான குடியிருப்பு இல்லாதோருக்கு இல்லையென்று மறுக்கப்பட்டது. இடிந்து விழுந்த கூரை அனுமதிச்சீட்டைப் பார்த்தா விழுந்தது? இவ்வநீதியைக் கண்ட தொண்டர் குழுக்கள் 1995 பிப்ரவரியில் ஒன்றுகூடி, வெளிநாட்டார் துயர்துடைப்புப் பிணையம் ஒன்றை அமைத்தன. ஒரு கத்தோலிக்க ஆலய வளாகமே அதற்கு இடம் தந்தது. மருத்துவக் கட்டணத்தை ஏற்க நிதி திரட்டினர். அதிகாரிகளிடம் இடைவிடாமல் வாதாடினர். இறுதியில், செலுத்தப்படாத கட்டணங்களுக்குப் புனரமைப்பு நிதியிலிருந்து மருத்துவமனைகளுக்கு ஈடு கிடைக்க வழி பிறந்தது. அப்பிணையம் இன்றும் கலைந்துவிடவில்லை. கணவனின் கொடுமைக்கு ஆளான பெண்கள், கூலி மறுக்கப்பட்ட தொழிலாளர் ஆகியோரின் துயரை இப்போது அது கேட்டுவருகிறது.

நகராட்சி கற்ற பாடம்

நிலநடுக்கத்திற்குப் பின்வந்த ஓராண்டில் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் அப்பகுதிக்கு வந்து உழைத்தனர். அவர்களுடைய பணியைக் கண்ட ஜப்பானிய நாடாளுமன்றம், தொண்டு நிறுவனங்கள் எளிதில் சட்டத்தகுதி பெற 1998இல் ஒரு சட்டம் இயற்றிற்று. ‘பன்னாட்டு நட்புறவு’ என்று மட்டும் பேசிவந்த ஊராட்சிகள், ‘பல பண்பாட்டார் கூடி வாழ்தல்’ என்று பேசத் தொடங்கின. 2006இல் நடுவண் அரசும் அதற்கென ஒரு திட்டத்தை வகுத்து, எல்லா ஊராட்சிகளுக்கும் பரிந்துரைத்தது. சொல் மாறியதோடு நில்லாமல், செயலும் ஓரளவு மாறிற்று.

கோபே நகராட்சியின் பன்னாட்டுச் சமூக நிலையம் இன்று அந்த நகாதா பகுதியிலேயே இயங்குகிறது. வீடு, வரி, பள்ளி, மருத்துவம், விசா என எந்தச் சிக்கலானாலும், வந்தவர் தம் மொழியிலேயே அங்கு ஆலோசனை கேட்கலாம். வட்டார அலுவலகத்துக்குச் செல்ல மொழி அறிந்த துணையாள் வருவார். ஜப்பானிய மொழி கற்க விரும்புவோருக்கு ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் தொண்டர்கள் கற்றுத்தருகிறார்கள். கற்பிப்பவர் பெரும்பாலும் சாதாரணக் குடிமக்கள். வாரம் ஒருமுறை மேசையின் இரு பக்கமும் அமர்ந்து பேசும் இருவர், நாளடைவில் ஒருவர் வீட்டுத் துன்பத்தை ஒருவர் அறிந்தவராகின்றனர்.

கோபேயின் துன்பத்திலிருந்து பிறந்த இன்னொரு நன்மை, ‘எளிய ஜப்பானியம்’ என்னும் முறை. எல்லா மொழிகளிலும் உடனுக்குடன் மொழிபெயர்க்க எந்த நகராலும் இயலாது. ஆகவே ஜப்பானிய மொழியையே எளிமையாக்கிச் சொன்னால் என்ன என்று ஹிரோசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிந்தித்தனர். அலுவலகத்தார் ‘ஹினான்’ என்பார்கள். அதாவது இடர் நீங்க இடம்பெயர்தல். எளிய முறையில் அது ‘நிகேரு’ ஆயிற்று. அதாவது ஓடித் தப்புதல். முதற்சொல்லைப் புதிதாய் வந்தவர் அறியார். இரண்டாவது எவருக்கும் புரியும். வாக்கியத்தைச் சுருக்குதல், ஒரு வாக்கியத்தில் ஒரே செய்தியைச் சொல்லுதல் என்று சில எளிய விதிகள். இன்று நாடெங்கும் ஊராட்சிகள் இதைக் கையாளுகின்றன. முதியோருக்கும் சிறுவருக்கும்கூட இது பயன்பட்டது. அந்நியனுக்காகத் திறந்த கதவு வீட்டாருக்கும் காற்றைத் தந்தது எனலாம்.

தீராத குறைகள்

இவ்வளவும் கேட்டு, கோபேயில் விண்ணகம் இறங்கிவிட்டதென்று எண்ணிவிட வேண்டாம். 2012 ஜூலையில் பழைய அந்நியர் பதிவேடு ஒழிக்கப்பட்டு, ஜப்பானியர் இடம்பெறும் குடியிருப்போர் பதிவேட்டிலேயே வெளிநாட்டாரும் சேர்க்கப்பட்டனர். ஆயினும், தலைமுறை தலைமுறையாக வரி செலுத்தி வாழும் வெளிநாட்டாருக்கு நகராட்சித் தேர்தலில்கூட வாக்குரிமை இல்லை. கட்டாயக் கல்விச் சட்டம் ஜப்பானியக் குழந்தைகளையே கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டுக் குழந்தை விரும்பினால் பள்ளியில் சேரலாம், சேராவிட்டால் கேட்பாரில்லை. 2019இல் முதன்முதலாக நாடு முழுதும் கணக்கெடுத்தபோது, பள்ளிக்குச் செல்லாதிருக்கக்கூடிய குழந்தைகள் ஏறத்தாழ 20,000 பேர் என்று தெரியவந்தது. தொழிற்பயிற்சி என்ற பெயரில் இளைஞரை வரவழைத்து, முதலாளியை மாற்றிக்கொள்ளவும் விடாமல் வேலை வாங்கிய ஏற்பாடு பல ஆண்டுகளாகக் கண்டிக்கப்பட்டது. அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் 2024இல்தான் இயற்றப்பட்டது.

ஜப்பானில் வாழும் வெளிநாட்டார் தொகை 2024 முடிவில் 37 இலட்சத்தைக் கடந்தது. கோபேயில் மட்டும் 50,000க்கு மேல். பிறப்பு குறைந்து முதியோர் பெருகிவரும் அந்நாட்டில், ஆலைகளிலும் வயல்களிலும் முதியோர் இல்லங்களிலும் அவர்கள் கைகள் இல்லாமல் வேலை நடவாது. ஆயினும் 2025 ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில், ஜப்பானியருக்கே முதலிடம் என்ற முழக்கத்தை எழுப்பிய கட்சி வாக்குகளை அள்ளிற்று. கை வேண்டும், ஆள் வேண்டாம் என்னும் மனநிலை எந்நாட்டிலும் எளிதில் தோன்றக்கூடியது. கோபே கற்ற பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாய்க் கற்றாக வேண்டும்.

நாம் எண்ண வேண்டியவை

ஜப்பானியத் திருச்சபைக்கும் இது தன் வீட்டுச் சிக்கலே. ஜப்பானியக் கத்தோலிக்கர் நான்கு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். வெளிநாட்டிலிருந்து வந்து அங்கு வாழும் கத்தோலிக்கரோ அவர்களுக்குச் சமமாக, ஒருவேளை மிகுதியாகவே இருப்பர் என மதிப்பிடப்படுகிறது. வியட்நாம், பிலிப்பைன்ஸ், பிரேசில் நாட்டுக் குடும்பங்கள் இல்லையேல், பல பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்குக் குழந்தைகளின் குரலே கேளாது. அந்நியர் என்று கருதப்பட்டவர்களே அத்திருச்சபையின் நாளைய விசுவாசிகள். திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டின் குடியேறியோர் நாள் செய்தியில் நான்கு கடமைகளை வகுத்துக் காட்டினார்: வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல். முதல் இரண்டோடு நாம் நின்றுவிடுகிறோம். வந்தவனைத் தன் காலில் நிற்கச் செய்து, நம்முள் ஒருவனாக்கிக்கொள்ளும் கடைசி இரண்டுமே கடினமானவை. தகாதோரியில் நடந்தது அந்தக் கடினமான பகுதி.

நம் மக்களுக்கும் அந்நாட்டுக்கும் தொடர்பு புதிதன்று. முத்துக்குளித்துறையில் நம் பரதவ மக்களிடையே உழைத்த புனித சவேரியாரே, 1549இல் ஜப்பானில் முதன்முதலாக நற்செய்தி அறிவித்தவர். அங்கே மொழி தெரியாத அந்நியராக அவர் கரை இறங்கினார். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, திறன்பெற்ற நம் நாட்டு இளைஞர்கள் முதியோர் பராமரிப்பு முதலிய பணிகளுக்கு அங்கே செல்ல வழி திறந்திருக்கிறது. நாளை நம் பங்கைச் சேர்ந்த ஒரு மகளோ மகனோ அங்கே காய்ச்சலில் கிடக்கலாம்; படிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கலாம். அருகில் அமர்ந்து, புரியும் சொல்லில் ஒருவர் பேசமாட்டாரா என்று இங்கே ஒரு தாய் ஏங்குவாள். அந்த ஏக்கம் நமக்குப் புரியுமானால், நம் தெருவுக்கு வந்து சேரும் வேற்றுமொழிக்காரனின் தாய் எங்கோ ஏங்குவதும் நமக்குப் புரிந்தாக வேண்டும். எகிப்து நாட்டில் தாங்கள் பட்ட பாட்டை மறவாமல் அந்நியனிடம் இரங்கும்படி இஸ்ராயேல் மக்களுக்கு மோயீசனின் சட்டம் நினைவூட்டியதும் இக்காரணத்தாலேயே.

பெருந்திட்டங்கள் எல்லார் கையிலும் இல்லை. ஆனால் கோபேயில் தொடங்கியவையும் பெருந்திட்டங்கள் அல்ல. ஓர் அறையில் ஒரு வானொலி. மணல் இட்ட பீர்ப் பெட்டிமேல் ஒரு காகித வீடு. மருத்துவமனை வரை கூடச்சென்ற ஒரு பெண். ‘ஹினான்’ என்பதற்குப் பதிலாக ‘நிகேரு’ என்ற ஒரு சொல். வந்தவனின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளும் நாளில், அந்நியன் அயலானாகத் தொடங்குகிறான். எஞ்சியவை ஒவ்வொன்றாய்ப் பின்தொடரும்.